ஜெர்மன் கருத்துமுதல்வாதம்: இருப்பும் காலமும்

ஜெர்மன் கருத்துமுதல்வாதம் என்பது 1780களில் காண்ட்டிடம் தொடங்கி, ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் வழியே வளர்ந்த மெய்யியல் மரபு. அறியப்படும் உலகை உருவாக்குவதில் மனத்துக்குப் பங்குண்டு என்பது இதன் அடிப்படை.

காலம் பொருள்களின் பண்பன்று, புலனுணர்வின் வடிவம் என்பது காண்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' (1781) கூறும் கொள்கை. ஒன்றோடு ஒன்றைக் கூட்டி எண்ணும்போதே மனம் காலத்தையும் தோற்றுவிக்கிறது என்றார் அவர். ஹெகலின் 'தருக்க அறிவியல்' (1812–1816) தூய இருப்பிலிருந்து தொடங்குகிறது: பண்பேதுமற்ற இருப்பு இன்மையிலிருந்து வேறுபடுவதில்லை, இரண்டின் உண்மை 'ஆதல்'. ஷெல்லிங் 1809இல் வெளியிட்ட மனித விடுதலை பற்றிய ஆய்வில், இருப்பையும் அதன் அடிநிலையையும் பிரித்துக் காட்டினார்.

இந்த மரபைப் பின்னர் எதிர்கொண்ட மெய்யியலாளர் ஹைடெக்கர், 'இருப்பும் காலமும்' (1927) நூலில், ஹெகலின் காலக் கருத்தை 'இப்போது'களின் வரிசையாகக் காலத்தைக் காணும் பழைய பார்வையின் தொடர்ச்சி என விமர்சித்தார். 1929இல் வெளிவந்த காண்ட் பற்றிய நூலில், கற்பனையாற்றலின் வேர் காலமே என வாதிட்டார். 1936இல் ஷெல்லிங்கின் அந்த 1809 ஆய்வு குறித்து விரிவுரையாற்றினார். பிரான்சிலும் இம்மரபு பேசப்பட்டது: 1933 முதல் 1939 வரை பாரிசில் மெய்யியலாளர் கோஜேவ் நடத்திய ஹெகல் வகுப்புகள் பிரெஞ்சுச் சிந்தனையில் ஆழ்ந்த தாக்கம் செலுத்தின. பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தரின் 'இருப்பும் இன்மையும்' (1943) ஹெகல், ஹைடெக்கர் இருவரோடும் உரையாடி எழுந்த நூலாகும்.