கோல்ட்டா, சாவேஜா: 1911ஆம் ஆண்டின் தேர்வும் அதற்கு முன்பே முடிந்துபோன கேள்வியும்

1911ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு அரசுப் படைக்கலச் சாலையில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இறுதித் தேர்வுக்கு வந்தன. ஒன்று கோல்ட் நிறுவனத்தினுடையது. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது. மற்றொன்று சாவேஜ் நிறுவனத்தினுடையது. எல்பர்ட் சியர்ல் வடிவமைத்தது. ஒவ்வொன்றிலும் 6000 தோட்டாக்கள் சுடப்பட்டன. நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை துப்பாக்கியை ஆறவிட்டனர்; ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிட்டனர். முடிவில் சாவேஜ் 37 முறை தடைப்பட்டோ பழுதுற்றோ இருந்தது. கோல்ட் ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. அம்மாதம் 29ஆம் நாள் கோல்ட் அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கியாக ஏற்கப்பட்டது. 1985 வரை அவ்விடத்தை வேறெந்தத் துப்பாக்கியும் பெறவில்லை.

இவ்வரலாறு வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது: பிலிப்பைன்ஸின் தெற்கிலிருந்த மோரோ வீரர்கள் பல குண்டுகள் பட்டும் விழாமல் பாய்ந்து வந்தனர், சிறிய தோட்டா பயனற்றுப் போயிற்று, ஆகவே.45 அங்குலக் கோல்ட் பிறந்தது. கேட்பதற்குச் சீரான கதைதான். ஆனால் இதில் இரண்டு வெவ்வேறு தேர்வுகள் ஒன்றாகக் குழைக்கப்பட்டுள்ளன. எத்தனை பெரிய தோட்டா வேண்டும் என்பது முதல் தேர்வு. அந்தத் தோட்டாவை எந்த நிறுவனத்தின் துப்பாக்கியில் இடுவது என்பது இரண்டாம் தேர்வு. இரண்டாவது, நான்காண்டுக் காலம் நேர்மையாக நடந்த பொறியியல் போட்டி. முதலாவதோ, ஒரு குடியேற்றப் போரின் அச்சத்தையும் மிகச் சில சான்றுகளையும் நம்பி எடுக்கப்பட்ட முடிவு. இரண்டாவதன் நம்பகத்தன்மையே காலப்போக்கில் முதலாவதற்கும் கடனாகக் கிடைத்துவிட்டது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தோட்டாக்களை உருளையொன்றில் வைத்துச் சுழற்றும் சுழல்துப்பாக்கியே ரிவால்வர். சுட்ட தோட்டாவின் விசையைக் கொண்டே வெற்றுறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிக்கொள்வது அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும். ‘அரை’ என்னும் அடைமொழி அதனால் வந்தது. அக்கால ஆவணங்கள் இவ்வேறுபாட்டைப் பாராட்டாமல் இதனைத் ‘தானியங்கி’ என்றே குறித்தன.

அமெரிக்கப் படை 1892இல் .38 அங்குலக் கோல்ட் சுழல்துப்பாக்கியை ஏற்றது. ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பெற்ற பின், 1899இல் அந்நாட்டு விடுதலைப் படையினருடன் போர் மூண்டது. 1902இல் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பின்னும், மிண்டனாவோ, சூலு தீவுகளின் முஸ்லிம் மக்களோடு மோதல் தொடர்ந்தது. அம்மக்களுக்கு ‘மோரோ’ என்ற பெயரை இட்டவர்கள் ஸ்பானியர்கள். தம் நாட்டில் பல நூற்றாண்டுகள் போரிட்ட வட ஆப்பிரிக்க மூர்களின் பெயரை, உலகின் மறுகோடியில் சந்தித்த தௌசுக், மகிந்தனாவ், மரனாவ் இனத்தவருக்கும் சூட்டினர். சாவை உறுதிசெய்துகொண்டு வாளுடன் பாயும் வீரரை ‘ஹுராமென்டாடோ’, அதாவது சூளுரைத்தவர், என்றனர். அமெரிக்கர்கள் நிலத்தோடு சேர்த்து இச்சொற்களையும் அவற்றுள் பொதிந்திருந்த அச்சத்தையும் பெற்றுக்கொண்டனர்.

.38 தோட்டா வலுவற்றது என்ற புகார்கள் களத்திலிருந்து வந்தது உண்மை. பழைய .45 சுழல்துப்பாக்கிகள் கிடங்குகளிலிருந்து எடுத்து அனுப்பப்பட்டதும் உண்மை. ஆயினும் இக்கதைக்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படும் நிகழ்வைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். அன்டோனியோ காஸ்பி என்னும் கைதி தப்பிக்க முயன்றபோது, மிக அருகிலிருந்து .38 துப்பாக்கியால் நான்கு முறை சுடப்பட்டும் வீழவில்லை. இறுதியில் நெற்றியில் துப்பாக்கிக் கட்டையால் அடித்தே அவரை வீழ்த்தினர். இதைப் பதிவுசெய்தவர் படை மருத்துவர் லூயிஸ் லகார்டு. நிகழ்வு நடந்த இடம் சமார் தீவு. அது மோரோ நிலமன்று. நடுப் பிலிப்பைன்ஸின் கிறித்தவத் தீவு. நடந்த நாள் 1905 அக்டோபர் 26. தோட்டாவின் அளவை முடிவுசெய்த சோதனை நடந்ததோ 1904இல். பின்னால் நடந்த நிகழ்வு முன்னால் எடுத்த முடிவுக்குக் காரணமாக இருக்க இயலாது; அதை நியாயப்படுத்த மட்டுமே இயலும்.

1904ஆம் ஆண்டுச் சோதனையை நடத்தியவர்கள் அதே லகார்டும், படைக்கலத் துறையைச் சேர்ந்த ஜான் தாம்சனும். பிற்காலத்தில் தம் பெயர் தாங்கிய இயந்திரத் துப்பாக்கியால் அறியப்பட்டவர் இந்தத் தாம்சன்தான். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் உயிருள்ள மாடுகள் மீது பல அளவுத் தோட்டாக்கள் சுடப்பட்டன; தொங்கவிடப்பட்ட மனிதச் சடலங்கள் மீதும் சுடப்பட்டன. மாடு எவ்வளவு நேரத்தில் சாய்கிறது, சடலம் எவ்வளவு ஊசலாடுகிறது என்பவை குறித்துக்கொள்ளப்பட்டன. சுடப்பட்ட விலங்குகளும் உடல்களும் மிகச் சிலவே. குண்டு பட்ட இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கவில்லை. உயிரற்ற உடலின் ஊசலாட்டம் உயிருள்ள மனிதன் வீழ்வதற்கு அளவுகோலாகுமா என்ற ஐயம் பின்னர் பலரால் எழுப்பப்பட்டது. ஆயினும் .45 அங்குலத்துக்குக் குறைந்த தோட்டா போர்க்களத்துக்குப் பொருந்தாது என்று பரிந்துரைக்கப்பட்டது. அதே அறிக்கை இன்னொன்றையும் வலியுறுத்தியது: உயிர்நிலையில் படாத எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் உறுதியாக ஒருவனை நிறுத்திவிடாது, ஆகவே குறிபார்த்துச் சுடுவதில் வீரர்களுக்கு இடைவிடாப் பயிற்சி வேண்டும். முதல் பரிந்துரை புகழ்பெற்றது. இரண்டாவது பரிந்துரையை நினைவுகூர்பவர் அரிது.

இந்தியர்களுக்கு இந்தத் தருக்கம் புதிதன்று. 1895இல் சித்ரால் படையெடுப்புக்குப் பின், வடமேற்கு எல்லைப்புறப் பழங்குடியினரை .303 குண்டு நிறுத்தவில்லை என்ற குறை பிரித்தானிய அதிகாரிகளிடையே எழுந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், உடலுக்குள் புகுந்து விரியும் குண்டு செய்யப்பட்டது. அந்த ஊரின் பெயரே அக்குண்டின் பெயராகி உலகெங்கும் பரவியது. 1899இல் ஹேக் மாநாட்டில் அதைத் தடைசெய்ய முற்பட்டபோது, பிரித்தானியப் பேராளர் சர் ஜான் ஆர்டா ஒரு வாதத்தை முன்வைத்தார்: நாகரிகப் படைவீரன் காயமுற்றால் காயமுற்றதை உணர்ந்து பின்வாங்குவான், காட்டுமிராண்டியோ பாய்ந்துகொண்டே இருப்பான். விரியும் குண்டுத் தடையைப் பிரித்தானியாவுடன் சேர்ந்து எதிர்த்த மற்றொரு நாடு அமெரிக்கா. அதன் சார்பில் அங்கு வாதாடிய படை அதிகாரி வில்லியம் குரோசியர். 1901இல் அமெரிக்கப் படைக்கலத் துறையின் தலைவரானவரும், சிகாகோச் சோதனையும் கோல்ட்–சாவேஜ் போட்டியும் நடந்த காலம் முழுவதும் அப்பதவியில் இருந்தவரும் இதே குரோசியர்தாம். டம்டத்துக்கும் சிகாகோவுக்கும் இடையிலான உறவு வெறும் ஒப்புமையன்று. ஒரே மேசையில் அமர்ந்து அவ்வாதங்களைக் கேட்ட மனிதர் வழியாக அமைந்தது.

இனி இரண்டாம் தேர்வு. 1907 சனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் பல துப்பாக்கிகள் சோதனைக்கு வந்தன. ஜெர்மனியின் லூகரும் பெர்க்மனும், பிரித்தானியாவின் வெப்ளி-ஃபாஸ்பெரியும் அவற்றுள் அடங்கும். குழு, கோல்ட்டையும் சாவேஜையும் மட்டும் மேலும் ஆராயத் தக்கவையாகக் கண்டது. படைப்பிரிவுகளில் பயன்படுத்திப் பார்ப்பதற்காக ஒவ்வொரு நிறுவனத்திடமும் 200 துப்பாக்கிகள் கேட்கப்பட்டன. சாவேஜ் முதலில் தயங்கி மறுத்தது. அதனிடத்தில் லூகரைச் செய்த ஜெர்மானிய நிறுவனம் அழைக்கப்பட்டது; அதுவும் 1908இல் விலகியது. அதன் பின்னரே சாவேஜ் மீண்டும் போட்டிக்குள் வந்தது. இருநூறு துப்பாக்கிகளுக்காகப் புதிய கருவிகளையும் அச்சுகளையும் அமைப்பது ஒரு சிறிய நிறுவனத்துக்கு எளிய செலவன்று. பல பத்தாண்டுகளாகப் படைக்குத் துப்பாக்கி வழங்கிவந்த கோல்ட்டுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. போட்டி விதிகள் இருவருக்கும் ஒன்றே. தொடக்கக் கோடு ஒன்றன்று.

இரு வடிவங்களும் ஒரே சிக்கலுக்கு இருவேறு விடைகள். குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை பின்புறம் திறந்துவிடக் கூடாது. பிரௌனிங்கின் துப்பாக்கியில், குழலின் மேற்புறப் பற்கள் அதை மூடியிருக்கும் நகர்பகுதியின் உட்பள்ளங்களில் பொருந்தியிருக்கும். இரண்டும் சிறிது தூரம் சேர்ந்தே பின்செல்லும். பின்னர் குழல் கீழிறங்கி விடுபடும். சியர்லின் துப்பாக்கியில் குழல் சற்றே சுழன்று விடுபட வேண்டும். குழலின் உட்புறச் சுழல்வரிகளில் திருகிச் செல்லும் குண்டே அச்சுழற்சியை எதிர்த்துத் திறப்பைத் தாமதப்படுத்தும் என்பது அவர் கணக்கு. சாவேஜில் உறுப்புகள் குறைவு. கோல்ட் ஏழு தோட்டாக்களைக் கொண்டபோது அது எட்டைக் கொண்டது. ஆனால் .45 தோட்டாவின் விசைக்கு அந்தத் தாமதம் போதவில்லை. கையை உதைக்கும் விசை மிகுதியாக இருந்தது. உறுப்புகளும் விரைவில் தேய்ந்தன. இதே வடிவம் .32 அங்குலச் சட்டைப்பைத் துப்பாக்கியாகச் சிறப்பாக விற்றது. முதல் உலகப் போரில் பிரான்சும் போர்ச்சுகலும் அதை வாங்கின. தோற்றது சியர்லின் கருத்தன்று. பெரிய தோட்டாவுடன் அதன் பொருத்தம். .45 என்னும் முதல் தேர்வு, இரண்டாம் தேர்வின் முடிவையும் பாதி எழுதிவைத்திருந்தது.

பிரௌனிங்கின் பக்கத்தில் போற்றத்தக்கது அவர் குறைகளை எதிர்கொண்ட முறை. தொடக்கத்தில் குழலை இரு இணைப்புகள் தாங்கின. பின்னர் ஒன்றே போதும் என்று மாற்றினார். பிடியின் சாய்வைத் திருத்தினார். ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் துப்பாக்கியும் கொண்ட குதிரைப்படை வீரர், சுட்ட பின் சுத்தி விழத் தயாராக நிற்கும் துப்பாக்கியைப் பாதுகாப்பாக உறையிலிட வழி கேட்டனர். கட்டைவிரலால் இயக்கும் பாதுகாப்புத் தாழ் சேர்ந்தது. 1910ஆம் ஆண்டுச் சோதனையில் இரு துப்பாக்கிகளுமே தடுமாறின. திருத்துவதற்குச் சில மாதங்கள் இருவருக்கும் தரப்பட்டன. 1911 மார்ச்சின் அந்தப் பழுதற்ற 6000 தோட்டாக்கள் அந்த உழைப்பின் விளைவு. அதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஐயத்துக்கு இடமிருப்பது, மோரோக்களை நிறுத்தவே இத்துப்பாக்கி வந்தது என்னும் கூற்றில்தான். பெரிய தோட்டா வேண்டும் என்பதே தேவையாக இருந்திருந்தால், அதற்குச் சுழல்துப்பாக்கியே போதுமானது, 1909இல்.45 கோல்ட் சுழல்துப்பாக்கி ஏற்கப்பட்டுப் பிலிப்பைன்ஸ் படைகளுக்கு அனுப்பவும் பட்டது. அரைத் தானியங்கியை நாடியதற்கு விரைவாகச் சுடுவதும் விரைவாக மீண்டும் நிரப்புவதும் காரணங்கள். அன்றி, மோரோ மக்கள் மடிந்தது கைத்துப்பாக்கியால் அன்று. 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் தாஹோ எரிமலை வாயில் அடைக்கலம் புகுந்தவர்களை, லெனார்டு வுட்டின் படைகள் மலைப் பீரங்கிகளாலும் இயந்திரத் துப்பாக்கிகளாலும் நெடுந்துப்பாக்கிகளாலும் தாக்கின. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஸ்பிரிங்ஃபீல்டில் கோல்ட் வென்ற அதே 1911இல், மோரோ மாகாண ஆளுநர் ஜான் பெர்ஷிங் அம்மக்கள் தம் ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதை மறுத்தவர்களுள் நூற்றுக்கணக்கானோர் 1913 சூனில் புட் பக்சாக்கில் மடிந்தனர். இவற்றை அறியாதவரும் விழாமல் பாயும் மோரோவை அறிவர். கைத்துப்பாக்கியின் கதையில் அஞ்சுபவர் அமெரிக்க வீரர். எரிமலை வாயின் கதையில் அஞ்ச வேண்டியிருந்தவர் வேறு. எக்கதை பரவியது என்பதே ஒரு வரலாற்றுச் சான்று.

தோற்ற நிறுவனத்தின் பெயரான ‘சாவேஜ்’ அதன் நிறுவனர் ஆர்தர் சாவேஜின் குடும்பப் பெயர். ஹேக்கில் ஆர்டா எதிரியைக் குறிக்கக் கையாண்டதும் அச்சொல்லே. இது தற்செயல், அதில் பொருள் தேட வேண்டியதில்லை. தற்செயல் அல்லாத பெயர் ஒன்று உண்டு. அத்தோட்டா இன்றும் ‘.45 ஏசிபி’ என்றே விற்கப்படுகிறது. ‘ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்’ என்பதன் சுருக்கம் அது. வேறு நிறுவனம் செய்த துப்பாக்கிக்கு அதை வாங்குபவரும் கோல்ட்டின் பெயரைச் சொல்லியே கேட்கிறார். வென்ற நிறுவனத்தின் பெயர் தோட்டாவிலும், டம்டத்தின் பெயர் அகராதியிலும் நிலைத்தன. அத்தோட்டாக்களுக்குக் காரணமாகக் காட்டப்பட்டவர்களுக்கு நிலைத்ததோ, பிறர் இட்ட ‘மோரோ’ என்னும் பெயர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிண்டனாவோ முஸ்லிம்கள் அப்பெயரையே தம் தேசியப் பெயராக்கி ‘பங்சமோரோ’ என்று தம்மை அழைத்துக்கொண்டனர். 2019 முதல் பிலிப்பைன்ஸில் அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியின் சட்டப்பூர்வப் பெயரும் அதுவே.