குதிரையின் காலும் ஒலியின் கண்ணும்

தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் ஏலமலைச் சரிவு ஒரு பெருஞ்சுவர் போல எழுந்து நிற்பதைக் காணலாம். உச்சியில் ஏலத் தோட்டங்கள், அடிவாரத்தில் ஊர்கள். இவ்விரண்டையும் இணைக்கும் வழிகளுள் சாக்குலூத்து மெட்டுப் பாதையும் ஒன்று. வடக்கே போடி மலையில், மூணாற்றுத் தேயிலையை இறக்குவதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அமைந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடப் பாதையும் போடப்பட்டது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. இவற்றையெல்லாம் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். பொதி சுமந்த மட்டக்குதிரைகளையோ ஒரே வரியில் கடந்து விடும். அந்தக் குதிரையின் காலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, குதிரை நிற்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டுமே தாங்குகின்றன. மூட்டையுடன் சரிவில் இறங்கும்போது அப்பாரம் இன்னும் கூடுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பின் பின்புறத்தே வலிய தசைநார் ஒன்று ஓடுகிறது. குளம்புக்கு மேலுள்ள மூட்டு தரையில் படியாதவாறு தூக்கிப் பிடிப்பது அதுவே. ஈரப் பாறையில் ஒருமுறை கால் சறுக்கினாலும் அந்நாரின் இழைகள் அறுந்துவிடக் கூடும். குதிரை நொண்டுகிறது; காலோ வெளிப்பார்வைக்குச் சற்றே வீங்கியிருக்கிறது. காயம் எங்கே, எவ்வளவு என்பதை எப்படி அறிவது?

நெடுங்காலம் விரலே கருவி. தடவிப் பார்த்தார்கள், அழுத்தி, விலங்கு சுளிப்பதைக் கவனித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்திறங்கிய குதிரைகள் இங்கே பேணத் தெரிந்தவர் இன்றி மடிந்தன என்று எழுதினார். வெளிநாட்டார் கூற்றை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் குதிரையை வாங்குவது எளிது, அதன் காலைக் காப்பது அரிது என்பது அதனால் விளங்குகிறது. மருந்து பயன்படாதபோது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். இது நம் நாட்டாரின் அறியாமை என்று எண்ணிவிட வேண்டா. இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகளுக்கும் அதே சூடுதான்!

1895 நவம்பர் 8-ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே இலண்டனில் ஹாப்டே, ஜான்சன் என்னும் இருவர் குதிரையின் காலை அக்கதிரால் படம் பிடித்து வெளியிட்டனர். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது 1903-இல். எனினும் எக்ஸ் கதிர் எலும்பு முறிவைத்தான் தெளிவாகக் காட்டும். தசைநார் அதற்கு வெறும் நிழல். படத்தில் முறிவு தென்படாவிட்டால் காலில் குறையே இல்லை என்று சொல்லிவிடும் அபாயமும் இருந்தது.

அந்த இருளை நீக்கியது ஒளியன்று, ஒலி. கடலடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பிறந்த முறை, 1958-இல் கிளாஸ்கோ நகரத்து அயன் டொனால்டு வெளியிட்ட கட்டுரையால் மருத்துவத்தில் வேரூன்றியது. குதிரைக் காலின் நாண்களையும் நார்களையும் அம்முறையால் ஆராயும் பணி 1980-களின் தொடக்கத்தில் நூலேறியது. காலின் உரோமத்தை மழித்து, பசை தடவி, கருவியின் முனையை மேலே வைத்தால் நம் செவிக்கு எட்டாத ஒலி உள்ளே சென்று எதிரொலிக்கிறது. நலமான நார், தறியில் இழுத்துக் கட்டிய பாவு போல, ஒழுங்கான வெண்கோடுகளாகத் திரையில் தெரியும். அறுந்த இடமோ கருந்துளையாகக் காணும்.

இதன் பெரும்பயன் காயத்தைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று என்பேன். வலி சில வாரங்களில் தணிந்துவிடும். குதிரை நொண்டாமல் நடக்கும். உரியவர் குணமாயிற்றென்று நம்பி மீண்டும் மூட்டையை ஏற்றுவார். ஆனால் இழைகள் கூடுவதற்கு ஆறு மாதமோ, ஓர் ஆண்டோ, அதற்கு மேலோ ஆகும். பாதி கூடிய நார் இரண்டாம் முறை அறுந்தால், அந்தக் குதிரை மலையேறுவது பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. வலி சொல்லும் பொய்யைத் திரை காட்டிக் கொடுக்கிறது. சூட்டுக்கோலும் இத்தகைய ஆராய்ச்சிக்கு முன் நிற்கவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, சூட்டினால் நாண் விரைந்து ஆறுவதில்லை என்று காட்டியது.

பந்தயத்தில் ஓடும் குதிரைக்கு விலை உண்டு. ஆகவே அதன் காலுக்கு மருத்துவரும் கருவியும் கிட்டும். பொதிக் குதிரைக்கு விலை குறைவு. ஆனால் அதை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஆறு மாத ஓய்வு என்பது ஆறு மாத வருவாய் அன்றோ? ஓய்வு உண்மையில் வேண்டுமா, எத்தனை நாள் வேண்டும் என்று துல்லியமாக அறிய வேண்டியவர் அவரே. தேனி மாவட்டத்துக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி 2020-இல் வந்தது. மின்கலத்தால் இயங்கும் கையடக்கக் கருவிகளும் இன்று உள்ளன. தேர்தல்தோறும் இம்மாவட்டத்தின் சாலையில்லா மலைச் சிற்றூர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சுமந்து செல்வது குதிரைதான். அதனோடு ஒப்பிட்டால் அந்தக் கருவி பெரிய சுமையன்று.