ரேணியின் கேள்வி

1974 மார்ச் 26. இமயமலைச் சமோலி மாவட்டத்து ரேணி கிராமத்தில் அன்று ஆண்கள் இல்லை. 1962 யுத்தத்துக்குப்பின் ராணுவம் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு நஷ்டஈடு வாங்க வெளியூர் போயிருந்தார்கள். அந்த வேளையில் காண்டிராக்டரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தனர். கௌரா தேவியும் 27 பெண்களும் மறித்தார்கள். கோடரிகள் திரும்பிப் போயின.

சுற்றுச்சூழல் என்று நாம் பின்னால் பெயரிட்டது அவர்களுக்கு விறகு, தீவனம், மண்சரிவின் பயம். அடியில் ஒரு கேள்வி: காடு யாருடையது?

1976இல் 42ஆவது திருத்தம் காட்டைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய சர்க்காரின் முன்அனுமதியின்றி வனநிலத்தை வேறு காரியத்துக்கு விடலாகாது என்றது. இதனால் பல காடுகள் தப்பின. ஆனால் அனுமதிக்கும் அதிகாரம் டெல்லிக்குப் போயிற்று, ரேணிக்கு வரவில்லை.

2021 பிப்ரவரி 7. பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷிகங்கையில் வெள்ளமாக இறங்கின. இருநூறு பேருக்குமேல் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். வெள்ளம் பாய்ந்த வழியில்தான் ரேணியும். இரண்டு வருஷம் கழித்து, 2023 திருத்தம், சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் தேசப் பாதுகாப்புக்கான சாலை போன்ற திட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ரேணி அதற்குள் அடங்கும்.

அன்று நிலம் போனதும் எல்லையின் பேரால்தான். மரத்தைக் காக்க எழுதிய 1980 சட்டம், மறித்தவர்களின் உரிமையை எழுதிக்கொள்ளவில்லை. டெல்லி கொடுத்ததை டெல்லியே எடுத்துக்கொண்டது.