டீசலும் புழுதியும்: நிலத்தைத் திருப்பிக் கேட்ட பாட்டுகள்

மலருக்கு வரலாற்றிலிருந்து ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, சோழர் காலத்துக் கல்வெட்டு ஏதாவது வரும் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பாட்டு கேசட். 'மிட்நைட் ஆயில்' என்ற ஆஸ்திரேலிய ராக் குழு 1987-ல் வெளியிட்ட 'டீசல் அண்ட் டஸ்ட்'. கேசட்டில் என்னய்யா வரலாறு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சிட்னியிலிருந்து கிளம்பிய குழு இது. பாடகர் பீட்டர் காரெட் நெடுநெடுவென்று உயரம், வழவழவென்று மொட்டைத் தலை. மேடையில் ஆடினால் மின்சாரம் தாக்கியவர் மாதிரி இருக்கும். ஆனால் ஆள் சட்டம் படித்தவர். 1984-ல் அணு ஆயுத எதிர்ப்புக் கட்சியின் சார்பில் செனட் தேர்தலில் நின்று, மிகக் குறைந்த வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்தவர்.

இந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருப்பது ஒரு நிலத் தகராறு. 1788 ஜனவரி 26-ம் தேதி பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் கொடி நாட்டின. அந்த மண்ணில் பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்தார்கள். வந்தவர்களின் சட்டமோ அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று வைத்துக்கொண்டது. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், ஒரு கண்டம் முழுவதையும் புறம்போக்கு என்று எழுதிவிட்டார்கள்!

இந்தக் கணக்கு மெல்லத் திருத்தப்பட்டது. 1985 அக்டோபர் 26-ல் உளுரு என்ற பிரம்மாண்டமான செம்பாறை அனாங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் அன்றைக்கே 99 வருஷக் குத்தகைக்கு அரசு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த ஒப்படைப்பைப் பற்றிய படத்துக்காக மிட்நைட் ஆயில் எழுதிய பாட்டுதான் 'த டெட் ஹார்ட்'. 1986-ல் தனியாக வெளிவந்து, பிறகு இந்தத் தொகுப்பில் சேர்ந்தது.

அதே 1986-ல் குழுவினர், பப்புன்யா ஊரின் பூர்வகுடி இசைக்குழுவான 'வாரும்பி பேண்ட்' உடன் பாலைவனக் கிராமங்களுக்குப் பயணம் போனார்கள். நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்களை ஆட வைத்தவர்கள், புழுதித் தரையில் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு முன்னால் வாசித்தார்கள். அங்கே கேட்டதும் பார்த்ததும்தான் 'டீசல் அண்ட் டஸ்ட்' ஆனது. தொகுப்பின் பெயரே அந்த வண்டிப் பயணத்தின் வாசனைதான். முந்தைய தொகுப்புகளில் இருந்த ஸ்டூடியோ ஜாலங்கள் இதில் குறைவு. கித்தாரும் தாளமும் சேர்ந்திசைக் குரலும் வெட்டவெளியில் கேட்கிற மாதிரி ஒலிக்கும்.

உலகம் அறிந்த பாட்டு 'பெட்ஸ் ஆர் பர்னிங்'. இது பின்டுபி மக்களின் கதை. மேற்குப் பாலைவனத்தில் வாழ்ந்த அவர்களை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பப்புன்யா போன்ற குடியிருப்புகளில் கொண்டுவந்து வைத்தார்கள். வூமெராவிலிருந்து பறந்த ஏவுகணைச் சோதனைகளும் இதற்கு ஒரு காரணம். புது இடத்தில் நோயும் சாவும் அவர்களை வாட்டின. 1981-ல் பலர் கிளம்பி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு 500 கி.மீ.க்கும் அப்பால் உள்ள கின்டோருக்கு, தங்கள் சொந்த மண்ணுக்கே, திரும்பினார்கள். அவர்கள் நிலம் அவர்களுக்கே, திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் பாட்டின் சாரம்.

மற்ற பாட்டுகளும் சும்மா இல்லை. 'புட் டவுன் தட் வெப்பன்' ஆயுதங்களுக்கு எதிரானது. 'ட்ரீம்வேர்ல்ட்' பாட்டில், 1982-ல் பிரிஸ்பேனில் விடிவதற்குள் இடித்துத் தள்ளப்பட்ட கிளவுட்லேண்ட் நடன மண்டபம் நினைவுகூரப்படுகிறது. 'கன்பேரல் ஹைவே' என்பது ஏவுகணைத் திட்டத்துக்காகப் பாலைவனத்தில் போடப்பட்ட சாலையின் பெயர்.

எம்.டி.வி. காலத்தில் பாட்டை விட வீடியோ வேகமாகப் பயணம் செய்தது. மற்ற குழுக்கள் பளபள உடையில் மின்னிக்கொண்டிருந்தபோது, இவர்கள் காட்டியது செம்மண்ணும் நீண்ட சாலையும் பாலைவன மக்களின் முகங்களும். 'பெட்ஸ் ஆர் பர்னிங்' கனடாவிலும் நியூசிலாந்திலும் முதலிடம். நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவிலும் முதலிடம்! அமெரிக்காவில் 17-வது இடம். ஆடியவர்களில் எத்தனை பேர் அர்த்தத்தைக் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு நியாயமான கேள்வியும் எழுந்தது. பூர்வகுடிகளின் துயரத்தை 'நாங்கள்' என்று பாட வெள்ளைக்காரர்களுக்கு என்ன உரிமை? லேசில் தள்ளிவிட முடியாத கேள்வி. ஆனால் 'பெட்ஸ் ஆர் பர்னிங்' பாட்டில் 'நாம்' என்பது கடன்பட்டவர்களின் குரல். இரக்கம் கேட்கவில்லை, பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. தொகுப்பின் பலமே அதுதான். 1988 ஜனவரி 26-ல் வெள்ளையர் வருகையின் 200-வது ஆண்டு விழா நடந்தபோது, சிட்னி தெருக்களில் பல்லாயிரம் பேர் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். அந்த நேரத்தில் வானொலியில் இந்தப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

பாட்டு நிலத்தைத் திருப்பித் தராது. அதற்கு வழக்கு வேண்டியிருந்தது. எடி மாபோ ஒரு பல்கலைக்கழகத் தோட்டக்காரர். தன் தீவிலுள்ள குடும்ப நிலம் சட்டப்படி தன்னுடையது அல்ல என்பதை அங்கேயிருந்த வரலாற்று ஆசிரியர்களிடம் பேசும்போதுதான் அறிந்தார். அவர் தொடுத்த வழக்கில் 1992 ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பழைய புறம்போக்குக் கொள்கையைத் தூக்கி எறிந்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சுமார் நான்கரை மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

2000-ல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில், மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த பிரதமர் ஜான் ஹோவர்டு பார்த்துக்கொண்டிருக்க, குழுவினர் 'மன்னிக்கவும்' என்ற சொல் பொறித்த கறுப்பு உடையில் அதே பாட்டைப் பாடினார்கள். 2008 பிப்ரவரி 13-ல், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளின் தலைமுறைகளிடம் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்போது காரெட் அவருடைய அமைச்சர்! அதே காரெட் 2009-ல் ஒரு யுரேனியம் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்து, பழைய ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மேடையில் பாடுவது வேறு, கோப்பில் கையெழுத்துப் போடுவது வேறு.

2023 அக்டோபர் 14-ல், பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் யோசனை சொல்லும் ஓர் அமைப்பு வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 36 வருஷம் அந்தப் பாட்டுக்கு ஆடிய நாடு அது.

கேசட் கிடைத்தால் ஒருமுறை போட்டுக் கேளுங்கள், நண்பர்களே. தாளம் தானாகக் காலை ஆட்டும். கின்டோர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.