மின்மினிச் சித்திரம்

காங்கேயத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு, "விளக்கை அணைச்சிருங்க மாமா" என்றாள் அவள் மகள். அணைத்தேன். சுவரில் ஒரு மரமும் அதை மொய்த்த மின்மினிகளும் பச்சையாக ஒளிர்ந்தன. தோட்டத்தில் மின்மினிகள் அருகிவிட்ட ஏக்கத்தில் அவள் தீட்டிய சித்திரம்!

"ரேடியம் பெயிண்ட் மாமா!"

பெயரைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் கடிகார முகங்களுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் மாண்டார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது.

இன்று கடையில் விற்கும் பூச்சில் ரேடியம் இல்லை, பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. 1993-இல் ஜப்பானில் உருவான ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சு, குடித்த வெளிச்சத்தை இருட்டில் மெல்லக் கசியவிடும், அவ்வளவுதான்.

மின்மினியோ தன் ஒளியைத் தானே உண்டாக்குகிறது. துணையை அழைக்கும் பாஷை அது. நம் விளக்குகளின் வெளிச்சத்தில் அந்தப் பாஷை எடுபடுவதில்லை. 2022-இல் ஆனைமலைக் காட்டில் எண்ணற்ற மின்மினிகள் ஒருசேர மின்னின. அங்கே இருட்டு மிச்சமிருந்தது அல்லவா?

"வாசல் விளக்கையும் அணைச்சிரு கண்ணு" என்றேன்.