பூசுதலும் அணிதலும்: அத்தர் குறித்த இந்திய மொழிச் சொற்களின் வரலாறு

ஆங்கிலத்தில் நறுமணம் உடுத்தப்படும் பொருள். ஆடை, அணிகலன், காலணி ஆகியவற்றுக்கு ஆளப்படும் வினையே மணப்பொருளுக்கும் ஆளப்படுகிறது. இதனைத் தமிழாக்குவோர் பலர் 'வாசனைத் திரவியம் அணிதல்' என எழுதுவது இன்று பரவலாகிவிட்டது. தொடர் இலக்கணப் பிழையற்றது, பொருளும் விளங்குகிறது. எனினும் தமிழ் பேசும் எவரும் வீட்டில் அவ்வாறு சொல்வதில்லை. அத்தரைத் 'தடவுவர்', 'பூசுவர்' அல்லது 'போடுவர்'. இந்தியில் இதற்குரிய வினை 'லகானா', மராத்தியில் 'லாவணே', கன்னடத்தில் 'ஹச்சு', தெலுங்கில் 'பூசுகொனு', மலையாளத்தில் 'பூசுக'. வங்காளியில் ஆளப்படும் 'மாகா' என்பது எண்ணெயை உடலில் தேய்ப்பதற்கும் சோற்றைக் குழம்போடு பிசைவதற்கும் உரிய வினையாகும். இரு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இம்மொழிகள் யாவும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. விரலால் தொட்டு உடலில் படியவைக்கும் செயலையே இவை குறிக்கின்றன.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. பொருளின் பெயர் வெளியிலிருந்து வந்து மாறியபோதும், அதனைக் கையாளும் வினை மாறாது நின்றமையே இதற்குக் காரணம்.

முதலில் பெயரை நோக்கலாம். 'அத்தர்' என்பதன் மூலம் நறுமணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'இத்ர்'. பாரசீகத்தின் வழி இந்தியாவிற்கு வந்த இச்சொல் இந்தியில் இன்றும் 'இத்ர', 'அதர்' என இருவடிவில் வழங்குகிறது. தமிழ், தெலுங்கு, மராத்தி முதலியவற்றில் நடுமெய் இரட்டித்துள்ளது. மணப்பொருளும் மருந்துச் சரக்கும் விற்பவரைக் குறிக்கும் 'அத்தார்' என்பதும் அதே வேரில் பிறந்ததே. பாரசீகக் கவிஞர் பரீதுத்தீன் அத்தாரின் பெயர் அத்தொழிலைச் சுட்டுவது. பொருளையும் வணிகரையும் குறிக்கும் இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகக் கொண்டு, 'அத்தர்' என்றாலே கவிஞர் பெயரிலிருந்து வந்தது என எழுதுவோரும் உளர். அது பிழை.

இச்சொல் வருவதற்கு முன்னர் இந்நாட்டில் மணக்கலை வளம்பெற்றிருந்தது என்பதைச் சான்று காட்டி நிறுவ வேண்டியதில்லை. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சங்கிதையில் 'கந்தயுக்தி' என ஓர் இயலே உண்டு. 16 மணப்பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தெரிந்தெடுத்தால் 1820 சேர்க்கைகள் கிடைக்கும் என அங்கே கணக்கிடப்படுவதைக் கணித வரலாற்றாசிரியர்களும் எடுத்துக்காட்டுவர். கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 12ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான மானசோல்லாசமும் மணப்பூச்சை அரச போகங்களுள் ஒன்றாக விரித்துரைக்கிறது. இந்நூல்களில் மணம் குழம்பாகவும் பொடியாகவும் புகையாகவும் மணமேற்றிய எண்ணெயாகவும் வருகிறது. வடமொழிச் சொற்களும் அவ்வவ் வடிவத்தையே காட்டுகின்றன. 'அனுலேபனம்', 'விலேபனம்' என்பன 'லிப்' (பூசு) என்னும் வேரின; 'தூபம்' புகையைச் சுட்டுவது.

இவற்றுள் 'வாசனை' என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. எள்ளையும் மலரையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மலர் வாடியதும் நீக்கிப் புதுமலர் இட்டு, எள் மணமேறிய பின் செக்கிலிட்டு எண்ணெய் எடுப்பது பழைய முறை. இந்தியில் 'புலேல்' என்பது இவ்வெண்ணெய். பூவைக் குறிக்கும் சொல்லும் எண்ணெயைக் குறிக்கும் சொல்லும் இணைந்த தொகை அது. பௌத்த யோகாசாரத்தார் செயலின் தடம் மனத்தில் படிவதை விளக்க இந்த எள்ளையே உவமையாக்கினர். மலர் போய்விட்டது, அதன் மணம் எள்ளில் நிற்கிறது. தமிழில் 'பூர்வ ஜன்ம வாசனை' என்னும்போது நம் வாயில் இருப்பது அந்தச் செக்குக்காரரின் தொழிற்சொல். இதனை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் 'மனப்பதிவு' என்னும் பொருளை மட்டும் தந்து எள்ளைக் கைவிட்டுவிடுகின்றனர். வேறு வழி எளிதில் புலப்படுவதில்லை என்பதும் உண்மையே.

வடித்தெடுக்கும் முறை முகலாயர்க்கு முன்பே இங்கு அறியப்பட்டதா என்பது நெடுங்கால வழக்கு. அதனை இங்குத் தீர்க்க வேண்டியதில்லை. சொல் வரலாற்றுக்குப் பயன்படும் செய்தி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் உள்ளது. அரண்மனையின் மணக்கூடம் பற்றிய பகுதியில் அகிற்கட்டையை வெப்பத்தால் சொட்டவைத்து எடுக்கும் சாறு 'சோவா' எனப்படுகிறது. இது 'சொட்டவை' என்னும் பொருளுடைய இந்தி வினையோடு தொடர்புடையது. பாரசீக நூலில், அரசவைப் பொருள் ஒன்றுக்கு, தொழிலாளர் வாய்மொழியில் வழங்கிய வினையே பெயராகி நிற்பது நோக்கத்தக்கது.

ரோஜா அத்தரின் தோற்றம் பற்றிய கதை பலரும் அறிந்தது. நூர்ஜகான் நீராடிய குளத்தில் மிதந்த எண்ணெயே அத்தராயிற்று என மக்கள் கூறுவர். ஆனால் 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜகாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் அப்பெருமையை நூர்ஜகானின் தாய் அசுமத் பேகத்திற்கே அளிக்கிறார். சூடான பன்னீரைப் பாத்திரங்களில் ஊற்றியபோது மேற்பரப்பில் படர்ந்த ஏட்டை அவர் சிறிது சிறிதாகத் திரட்டினார். அதற்கு 'இத்ரி ஜகாங்கீரி' எனப் பெயரிட்டவர் சலீமா சுல்தான் பேகம். கண்டவர் ஒரு பெண், பெயரிட்டவர் இன்னொரு பெண், பெயரில் இடம்பெற்றவரோ அரசர். பிற்காலக் கதை மரபு தாயின் இடத்தில் புகழ்பெற்ற மகளை வைத்துக்கொண்டது.

இன்று அத்தர் என்றவுடன் நினைவுக்கு வரும் ஊர், உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி. ஹர்ஷரின் தலைநகராயிருந்த இவ்வூரில் செப்பு வாலையில் மலர் வடிக்கும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. மலரும் நீரும் இட்டுக் காய்ச்சும் பெரிய செப்புப் பானை 'தேக்'. இப்பாரசீகச் சொல்லின் குறுமை வடிவமே தமிழகத்துப் பிரியாணிச் சமையலில் வழங்கும் 'தேக்சா' என்பது மொழிபெயர்ப்பாளர்க்கு உதவக்கூடிய செய்தி. பானையின் வாய் மூடியிட்டுக் களிமண்ணால் அடைக்கப்படும். அங்கிருந்து கயிறு சுற்றிய மூங்கிற்குழாய் வழியே ஆவி, தொட்டி நீரில் அமிழ்ந்திருக்கும் குடுவைக்குச் செல்லும். அக்குடுவை 'பப்கா', நீராவியைக் குறிக்கும் 'பாப்' என்பதன் அடியாகப் பிறந்தது. அதனுள் முன்னரே சந்தன எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். ஆவி குளிர்ந்து நீராகும். மலரின் மணத்தைச் சந்தனம் வாங்கிக்கொள்ளும். பிரிந்த நீர் மறுபடியும் பானைக்குச் செல்லும். புதிய மலரோடு பல நாள் இவ்வாறே தொடர்ந்தபின் எண்ணெய் மணத்தால் நிறைவுறும். சூட்டின் அளவைத் தொழிலாளர் கருவியால் அன்றிக் கையால் தொட்டே அறிவர். ஈரம் நீங்கும்பொருட்டு எண்ணெயைத் தோற்குப்பிகளில் இட்டு வைப்பர்.

இம்முறையைத் தமிழில் விளக்கப் புகுவோர் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தில் வழங்கும் 'வாலை' என்பதும் 'வாலையில் வடித்தல்' என்பதும் போதுமானவை.

இங்குக் கவனிக்கவேண்டியது சந்தன எண்ணெயின் இடம். கன்னோசியின் மலருக்கு மரபான இருப்பிடம் தென்னாட்டு மரத்தின் எண்ணெய். அத்தர் உடலில் தடவத்தக்கதாக இருப்பதும் பல மணிநேரம் நிற்பதும் இதனால்தான். பழைய சந்தனக் குழம்பு மறைந்துவிடவில்லை. எண்ணெயாக உருமாறி அத்தருக்குள்ளேயே இருக்கிறது. 'பூசு' என்னும் வினை மாறாமல் நின்றதற்கு இதுவே அடிப்படை எனலாம்.

சொல்லும் இதனையே கூறுகிறது. தமிழில் 'சாத்து' என்பது பூசுதலைக் குறிக்கும் பழைய வினை. அதனோடு இயைந்த 'சாந்து' பூசப்படும் குழம்பு. பரோ முதலிய அறிஞர் வடமொழிச் 'சந்தனம்' என்பதை இத்திராவிடச் சொல்லோடு இணைத்துக் காட்டியுள்ளனர். இக்கருத்து ஏற்கத்தக்கதாயின், அரபியில் 'சந்தல்' ஆகி, ஐரோப்பிய மொழிகள் வரை சென்ற இம்மரத்தின் பெயர், பூசுதல் என்னும் வினையிலிருந்தே புறப்பட்டதாகும். மரத்திற்குப் பெயர் தந்தது அதன் நிறமன்று, மணமுமன்று. மனிதர் அதனைக் கொண்டு செய்த செயல்.

மேலும், 'சாத்து' இன்று வழக்கில் நிலைத்திருக்கும் இடம் கோயில். இறைவனுக்குச் சந்தனம் சாத்துவர், மாலை சாத்துவர், பட்டும் சாத்துவர். ஆங்கில வினை மணத்தையும் ஆடையையும் ஒருசேரத் தழுவுவதைப் போலவே இவ்வினையும் பூசுவதையும் உடுத்துவதையும் ஒருசேரத் தழுவுகிறது. எனவே 'அணிதல்' என்னும் மொழிபெயர்ப்புக்கு மாற்று தமிழில் இல்லாமலில்லை. ஆனால் அது தெய்வத்திற்கு உரியதாகி ஒதுங்கிவிட்டது. மனிதர் அத்தர் சாத்திக்கொண்டார் என எழுதினால் படிப்போர் நகைப்பர். பொருளளவில் மிகப் பொருந்தும் சொல், வழக்களவில் பொருந்தாமற் போவதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சந்தன எண்ணெய் சேராமல் மலரினின்று நேரே வடித்த தூய சத்தினைக் கன்னோசியார் 'ரூ' என்பர். உயிரைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'ரூஹ்' என்பதே அது. வெட்டிவேரினின்று எடுப்பது 'ரூஹ் கஸ்'. (அவ்வேரின் தமிழ்ப்பெயரே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கும் சென்றது.) மணப்பொருளின் சத்தை அதன் உயிராகக் காணும் இவ்வெண்ணம் ஐரோப்பிய மொழிகளிலும் உண்டு. வேதியியலில் இவ்வகை எண்ணெய்க்கு வழங்கும் ஆங்கிலப் பெயரின் முதற்பகுதி 'சாரம்' என்னும் பொருளது. அதனை 'இன்றியமையாத' என்னும் மற்றொரு பொருளில் கொண்டு 'அத்தியாவசிய எண்ணெய்' எனத் தமிழாக்கும் வழக்கம் பெருகிவருகிறது. படிப்பவர் அதனை நியாயவிலைக் கடைப் பொருளாகவே எண்ணக்கூடும். 'சார எண்ணெய்', 'நறுமண எண்ணெய்' என்பன இருக்க இது தேவையற்றது.

ரோஜாவின் பெயர் வரலாறு வேறொரு வகையில் சுவையானது. பாரசீகத்தில் 'குலாப்' என்பது பூ, நீர் என்னும் இரு சொற்களின் தொகை, அதாவது பன்னீர். இந்தியிலோ அது பூவின் பெயராயிற்று. மலையாளத்திலும் இதுவே நிகழ்ந்தது. 'பனிநீர்' என்பது வடிநீர். 'பனிநீர்ப்பூ' என்பது ரோஜா. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரு மொழிகளிலும் மலரை அதன் சாற்றைக் கொண்டே அறிந்தனர் போலும். தமிழ் 'பன்னீர் ரோஜா' என ஒருவகையை மட்டும் அவ்வாறு அழைத்து, 'பன்னீர்ப்பூ' என்பதை வேறொரு மரத்தின் மலருக்கு அளித்துவிட்டது. உணவகங்களில் இன்று வழங்கும் பன்னீருக்கும் இதற்கும் உறவில்லை. அது பாலாடைக் கட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். பன்னீருக்குரிய வினை பூசுதலன்று, தெளித்தல். வடநாட்டுக் 'குலாப்பாஷ்' என்பதன் பின்பகுதி தெளித்தலையே குறிக்கும். திருமண வாயிலில் நாம் காணும் பன்னீர்ச் செம்பும் அதுவே.

கன்னோசியின் 'மிட்டி அத்தர்' மொழிபெயர்ப்பாளரை வேறுவகையில் சோதிப்பது. சுட்ட மண்ணை வாலையிலிட்டு, முதல் மழையின் மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடிப்பது இது. 1964இல் பேர், தாமசு ஆகிய ஆத்திரேலிய அறிவியலார் இம்மணத்தை ஆராய்ந்து கிரேக்க வேர்களால் 'பெட்ரிகோர்' என்னும் சொல்லைப் படைத்தபோது, உத்தரப் பிரதேசத்து இவ்வத்தரையும் சுட்டினர். இந்தியில் இம்மணத்திற்குச் 'சோந்தீ' என்னும் பழகிய அடைமொழி உண்டு. தமிழில் 'மண்வாசனை' உண்டு. ஆயினும் திறனாய்வாளர் அச்சொல்லை வட்டார இலக்கியத்திற்கு எடுத்தாண்டதால், 'மண்வாசனை அத்தர்' என்றால் ஊர்ப்பற்றே முன்வந்து நிற்கிறது. 'மழைமண் அத்தர்' என்பது இவ்விடரைத் தவிர்க்கும்.

சந்தனம் அருகி விலையேறியபின், மலிவான அத்தர்களில் அதனிடத்தைக் கனிம எண்ணெய் முதலியன பிடித்துக்கொண்டன. சாராயம் கலந்து பீய்ச்சும் குப்பிகளும் பெருகின. வினை இங்கேதான் முதன்முறையாக மாறியது. தமிழர் 'சென்ட்' பூசுவதில்லை, 'அடிக்கின்றனர்'. பூச்சிமருந்துக்கும் சுவர்ச் சுண்ணாம்புக்கும் உரிய வினை அது. இவ்வேறுபாட்டைப் பேச்சுவழக்கு துல்லியமாகப் பேணுகிறது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு குப்பிகளுள் ஒன்றைத் தடவுவதாகவும் மற்றொன்றை அடிப்பதாகவும் ஒருவரே கூறக் கேட்கலாம். இரண்டையும் 'அணிந்தார்' என எழுதும் மொழிபெயர்ப்பில், கதைமாந்தர் கையில் இருந்தது எந்தக் குப்பி என்பது தெரியாமற் போகிறது.