போர்முனையிலிருந்து பால்மரத்துக்கு: இந்திய தேசிய இராணுவத்து மலாயாத் தமிழரும் வேலைக்குத் திரும்பும் உரிமையும்

முன்னுரை

போருக்குச் சென்றவர் மீண்டு வந்தால், அவர் விட்டுச் சென்ற வேலை அவருக்கே உரியது என்னும் கொள்கை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில நாடுகளில் சட்ட வடிவம் பெற்றது. அமெரிக்கா 1940ஆம் ஆண்டில் கட்டாயப் படைப்பணிச் சட்டத்தை இயற்றியபோதே, படையிலிருந்து மீள்பவரை முன்னைய வேலையிலோ அதற்கு ஒப்பான வேலையிலோ அமர்த்த வேண்டும் என்றும், தக்க காரணமின்றி ஓராண்டுக்கு அவரை நீக்கலாகாது என்றும் விதித்தது. பிரிட்டனும் 1944இல் இதற்கெனத் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆயினும், பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டிருந்த மலாயாவில், ஆயுதம் ஏந்திவிட்டு மீண்ட ஒரு பெருங்கூட்டத்தாருக்கு இவ்வுரிமை எட்டாததாகவே இருந்தது. அவர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழ்த் தோட்டப் பாட்டாளிகள். அவர்கள் வேலைக்குத் திரும்பிய வரலாற்றைச் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களை முதன்மைப்படுத்தி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்தில் வேலை என்பதன் பொருள்

ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர், தோட்டத் தொழிலாளர் ஒரு மாத முன்னறிவிப்புடன் வேலையை விட்டு நீங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதே முன்னறிவிப்புடன் நிருவாகமும் அவர்களை நீக்கலாம். இருதரப்பாருக்கும் பொதுவான விதியாக இது தோன்றினும், அதன் விளைவு இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. தொழிலாளர் குடியிருந்த லய வீடு தோட்டத்துக்கு உரியது. பிள்ளைகள் பயின்ற தமிழ்ப்பள்ளி தோட்டத்தில் இருந்தது. குடிநீரும் மருந்தும் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தன. வேலை போயிற்று என்றால் கூரையும் போயிற்று என்றே பொருள். எனவே, தோட்டத்தைப் பொறுத்தவரையில் மீண்டும் வேலை பெறும் உரிமை என்பது கூலிபற்றியது மட்டுமன்று. குடியிருப்பும் சுற்றமும் சார்ந்த வாழ்வுரிமையுமாகும்.

கிள்ளான் எழுச்சி, 1941

இவ்வுண்மையைக் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் போருக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஆர்.எச். நாதன் போன்றோரின் வழிகாட்டலில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரை ஒன்றுதிரட்டியது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. தொழிலாளரை இழிவாக நடத்தும் கிராணிமாரை நீக்குதல், கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாருக்கு முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் ஆகியனவும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மிதிவண்டிபற்றிய கோரிக்கை அற்பமானதன்று. கூலிக்கு நிகராக மதிப்பையும் கேட்கத் தொடங்கிய ஒரு தலைமுறையின் குரல் அதில் ஒலித்தது. ஈராண்டுகளில் இத்தலைமுறையைச் சேர்ந்த இளைஞர் பலரின் கையில் துப்பாக்கி இருந்தது.

படையணியில் தோட்ட மக்கள்

1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரும், பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் சப்பானியர் வசமாயின. ரப்பர் வாணிகம் முடங்கியதால் தோட்டங்கள் வறுமையில் ஆழ்ந்தன. சயாம்-பர்மா இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். இந்நிலையில் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்று, இந்திய தேசிய இராணுவத்தில் பொதுமக்களும் சேரலாம் என அழைப்பு விடுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். நாட்டுப்பற்று, பட்டினி, இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்படுவோம் என்னும் அச்சம் ஆகிய மூன்றும் இளைஞரைப் படையை நோக்கிச் செலுத்தின எனலாம். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர்.

கங்காணியின் ஏவலுக்குக் காத்திருந்தவர் படையில் அணித்தலைவராக உயர வாய்ப்பிருந்தது. சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் உண்டனர். தோட்டம் ஒருநாளும் தராத இவ்வனுபவத்தைப் படை தந்தது. 1944இல் இம்பால் போரில் தோல்வி நேர்ந்தது. 1945 ஆகஸ்டில் சப்பான் சரணடைந்ததும் படை கலைந்தது.

திரும்பியோர் நிலை

பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்கு மாறியோரை ஆங்கிலேயர் வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூவகைப்படுத்தினர். கறுப்பு வகையினர் பணிநீக்கம் செய்யப்பட்டு ஊதிய நிலுவையையும் இழந்தனர். தில்லிச் செங்கோட்டை விசாரணையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லோன் ஆகிய மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 1946 ஜனவரியில் தள்ளுபடி செய்யப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் இந்திய அரசு இந்திய தேசிய இராணுவத்தினரை மீண்டும் இந்தியப் படையில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் வந்த பின்னரே அவர்தம் தொண்டு ஓரளவு முறையான ஏற்பைப் பெற்றது.

படைவீரராக இருந்து சேர்ந்தோர் நிலையே இதுவாயின், தோட்டத்திலிருந்து சேர்ந்தோர் நிலையை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பிரிட்டனின் படையினர் அல்லர். எனவே பிரிட்டன் தன் வீரர்க்கு அளித்த உரிமையில் அவர்க்குப் பங்கில்லை. அவர்களைப் படைவீரர் என ஏற்ற தற்காலிக அரசோ மறைந்துவிட்டது. இருப்பினும் தோட்டங்களில் வேலை கிடைத்தது. இரயில் பாதையும் நோயும் பட்டினியும் ஆள்பலத்தைக் குறைத்திருந்தமையால், காடு மண்டிய தோட்டங்களைச் சீர்செய்ய நிருவாகங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தேவையால் கிடைத்த வேலை, தேவை தீர்ந்தால் போகக்கூடியது. உரிமையால் கிடைக்கும் வேலை அத்தகையதன்று. இவ்வேறுபாடே அடுத்து வந்த போராட்டங்களின் அடிப்படை எனக் கருத இடமுண்டு.

சங்கமும் சட்டமும்

சட்டம் தராத பாதுகாப்பைத் தொழிற்சங்கத்தில் தேடினர். படையில் கற்ற அணிவகுப்பும் கட்டுப்பாடும் சங்கப் பணிக்கு உதவின. கெடாவில் எழுந்த தொண்டர் படை இதற்குச் சான்று. அது சீருடையும் பயிற்சியும் கொண்டு கள்ளுண்ணலை எதிர்த்தது. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராகப் பணியாற்றிய எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். தற்காலிக அரசின் பணியில் பங்கேற்ற ஜான் திவி 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தோன்றிய மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவரானார்.

1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. சங்கப் பொறுப்புக்கு வருவோர் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்பது திருத்தங்களுள் ஒன்று. வெளியாரின் தலையீட்டைத் தடுப்பதே இதன் நோக்கம் எனப்பட்டது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் மற்றொரு விளைவு புலனாகும். 1945 ஆகஸ்டுக்கும் 1948 ஜூனுக்கும் இடைப்பட்ட காலம் மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. இளம்வயதில் படையில் சேர்ந்து, போர் முடிந்த பின்னரே பால்வெட்டத் தொடங்கிய ஒருவரால் இவ்விதியை நிறைவேற்ற இயலாது. அமெரிக்கச் சட்டம் படைப்பணிக் காலத்தை விடுப்பாகக் கருதி, வேலையில் அவருக்கிருந்த மூப்பினைக் காத்தது. இங்கோ அவ்வாண்டுகள் தொழிலாளர் கணக்கில் வெற்றிடமாக நின்றன.

அதே மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சம்மேளனத்தின் பதிவும் நீக்கப்பட்டது. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகிலுள்ள தோட்டமொன்றில் ஆயுதம் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டு, மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

நகரத்தார்க்குக் கிடைத்த வாய்ப்பு

கல்வியும் நகரப் பின்னணியும் பெற்றிருந்தோர்க்குத் திரும்பும் வழி இத்துணைக் குறுகியதாக இருக்கவில்லை. ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன் பொதுவாழ்வில் ஈடுபட்டார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். அதே படையில் இருந்த ராசம்மா பூபாலன் கல்வியைத் தொடர்ந்து ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்து, சம வேலைக்குச் சம ஊதியம் கோரிப் போராடினார். ஆசிரியர் சமூகம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது. இத்தகையோர் பெயர்கள் வரலாற்று நூல்களில் நிலைத்துள்ளன. லயத்துக்குத் திரும்பியோர் பெயர்களில் பெரும்பாலானவை எவ்வேட்டிலும் இல்லை.

முடிவுரை

1952ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசு தேசிய சேவைச் சட்டத்தை இயற்றியது. சேவைக்கு அழைக்கப்பட்டோரை மீண்டும் பொதுத்துறை, தனியார்த்துறை வேலைகளில் அமர்த்துதல் அதன் நோக்கங்களுள் ஒன்றாகும். போர் முடிந்து ஏழாண்டுகளில் இக்கொள்கை இந்நாட்டுச் சட்ட ஏட்டில் இடம்பெற்றது. அதனைத் தம் வாழ்வால் உணர்த்திய தோட்ட வீரர்க்கு அது காலங்கடந்த ஒன்று.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இயங்கும் இந்தியப் பண்பாட்டு மையம் 2015 முதல் நேதாஜியின் பெயரைத் தாங்கியுள்ளது. தலைவரின் பெயர் இவ்வாறு நிலைபெறுவது தக்கதே. ஆயின் படைப்பணி முடிந்து மீள்வோர்க்கு வேலையை உறுதிசெய்வது வீரத்தைப் பாராட்டுவதிலும் வேறான கடமை. அரசு தான் ஏற்றுக்கொண்ட படையினர்க்கு மட்டுமே அதனை ஆற்றுகிறது. மலாயாத் தமிழரின் பட்டறிவு காட்டும் பாடம் இதுவாகும். தோட்டங்கள் பல மறைந்து, அவ்விடங்களில் புதுக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. லயங்களுக்குத் திரும்பியோரின் குடும்பங்களில் எஞ்சியுள்ள வாய்மொழிச் செய்திகளையும் படங்களையும் திரட்டும் பணியைத் தமிழ்த் துறைகளும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுதல் வேண்டும்.